திரும்பி வந்த சின்னக் கசெட்

ஜப்பானில் இரண்டு கம்பனிகள் அடிபட்டன. உலகத்து வீடுகளின் ஹோலுக்குள் யாருடைய மெஷின் போய்க் குந்துவது என்பதுதான் சண்டை. அவர்கள் அடிபட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கம்பனி என்றால் அடிபடத்தான் செய்யும். ஆனால் அந்த அடி திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒருவருடைய வம்புதும்புக்கும் போகாமல் இருந்த என் தலையில் வந்து ஏன் விழுந்தது? இத்தனை வருசம் யோசித்தும் எனக்குக் கோபம்தான் வந்ததே தவிர விடை வரவில்லை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்காது, ஆகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் படம் போட்டுப் பார்க்க டெக் என்று ஒரு மெஷின் வந்த காலம் அது. டி.வி.யோடு வயர் கொழுவி, கசெட்டை உள்ளே தள்ளினால் படம் ஓடும். ஒரு கம்பனியின் டெக்குக்குச் சின்னக் கசெட். மற்றக் கம்பனியின் டெக்குக்குப் பெரிய கசெட். ஒன்றின் கசெட் மற்றதன் வாய்க்குள் போகாது. அவற்றுக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் சின்னது, பெரிசு, அவ்வளவுதான்.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க். கோதுமை இறக்க வந்த கப்பலின் மாலுமி ஒருவனிடமிருந்து ஒரு டெக்கை வாங்கி, தகப்பன் முதல் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சின்னக் கசெட் டெக். ஒழுங்கையில் முதல் டெக் அதுதான். கொஞ்ச நாள் எங்கள் ஹோலில் கால் வைக்க இடமில்லை. ஊரடங்கு என்றால் பகலிலேயே பின்வேலியை விலக்கி வைத்த பொட்டுக்குள்ளால் புகுந்து சனம் வந்துவிடும். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து, "பார்த்தீங்களோ, முகத்தில உள்ள மச்சம்கூடத் தெரியுது. என்ன துலக்கம்!" என்பார். அந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். துலக்கம். என் வாழ்க்கையை நாசமாக்கிய சொல் அது.

ஆறு மாதம் போயிருக்காது, எதிர்வீட்டு மாமாவுக்கு டெக் வந்தது. சவூதியில் வேலை செய்த அவருடைய மகன் கொண்டுவந்தது, பெரிய கசெட் டெக். அப்பா போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, "படம் மங்கல், சாம்பல் பூசின மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார். உண்மையும் அதுதான். எங்கள் படம்தான் துலக்கம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த சின்னக் கசெட்டில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட அடங்கும். நம்முடைய படங்களோ மூன்று மணித்தியாலம். கடைக்காரன் படத்தைச் சின்னதில் பதியும்போது இடம் முடிந்த இடத்தில் விட்டுவிடுவான். கதாநாயகியைக் கட்டி வைத்திருப்பார்கள், கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வருவான், வந்துகொண்டே இருப்பான், திரை நீலமாகிவிடும். எதிர்வீட்டில் அவன் வந்து சேர்ந்து, அடித்து நொறுக்கி, கலியாணமும் கட்டுவான். சனம் எங்கே போகும்?

"கடைசி முக்கால் மணித்தியாலம் எல்லாப் படத்திலயும் ஒண்டுதான்," என்றார் அப்பா, வெறும் ஹோலைப் பார்த்து.

அம்மா குசினிக்குள் இருந்து, "அப்ப நீங்கள் முதல் ரெண்டேகால் மணித்தியாலம் பாக்காமல் அதை மட்டும் பாக்கலாமே" என்றாள். அம்மாவின் வாய் அப்படி. எனக்கு வந்ததும் அங்கிருந்துதான்.

அதன் பிறகு அது மெஷின் விசயமாக இருக்கவில்லை. அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஒருவர் கேற்றைத் திறந்தால் மற்றவர் மூடுவார். கோயில் திருவிழாவில்கூட, பெரிசு வைத்திருந்தவர்கள் ஒரு பக்கமும் சின்னது வைத்திருந்த இரண்டு பேர் மறுபக்கமுமாக நின்றார்கள். இரண்டு பேர் என்றது அப்பாவும், பிறகு கொழும்புக்கு மாறிப்போன ஒரு பாங்க் உத்தியோகத்தரும். கசெட் கடையில் சின்னது இருந்த தட்டு குறுகிக் குறுகி, கடைசியில் அதில் ஊதுபத்தி அடுக்கினார்கள். நாங்கள் கையில் இருந்த ஏழு படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஏழும் முடியாத படங்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சம்பந்தம் பேசி வந்தது.

எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போக மூன்று சோதனைச் சாவடி, வர மூன்று. ஒவ்வொன்றிலும் கைப்பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். பழகிய பெடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள், சிலர் இயக்கம் என்று காட்டுக்கு, சிலர் கப்பலுக்கு, சிலர் எங்கே என்று தெரியாது. மறைத்து என்ன, நான் இந்த ஊரைவிட்டு ஓட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒரு கலியாணம் கட்டி, பிளேன் ஏறி, குண்டுச் சத்தம் கேட்காத ஒரு வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு நித்திரை கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மாப்பிள்ளை ஜேர்மனியில் இருந்தார். தாய் இங்கே பக்கத்தில், பாலையூற்றில். சாதகக் குறிப்புப் பொருந்தியது. படம் வந்தது. முன்பல் கொஞ்சம் மிதப்பு, ஆனால் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. ஓம், பிடித்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை. என் படமும் போனது. அவர் தாய்க்கு எழுதியிருந்தாராம்: போட்டோவில் எல்லாரும் சிலை மாதிரி நிற்கிறார்கள், பிள்ளை நடக்கிறதையும் கதைக்கிறதையும் ஒரு வீடியோவாக எடுத்து அனுப்பினால் நல்லது, அதோடு முடிவு சொல்லிவிடலாம் என்று. தாய் வந்து கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. வீடியோ என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மகளின் கலியாணம் மறந்துபோய்விட்டது என்று நான் நினைக்கிறேன்.

கலியாண வீடுகளுக்கு எடுக்கிற கமராக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். அவருடைய கமரா பெரிய கசெட்டில் எடுப்பது. ஒரு பின்னேரம் வந்து எடுத்தார். நான் குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டுவர வேண்டும், முற்றத்து மல்லிகையைப் பிடுங்க வேண்டும், கதிரையில் இருந்து என் பெயரையும் படிப்பையும் சொல்ல வேண்டும். அப்பா நடுவில் நடுவில், "தம்பி, டெக்கையும் ஒருக்கா எடும். பக்கத்தில போய் எடும்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். பெண் பார்க்கிற வீடியோவில் டெக்கை எடுப்பித்த மனிசன் உலகத்திலேயே என் அப்பா ஒருவர்தான்.

பிறகு கமராக்காரர் தன் மெஷினையும் எங்கள் டெக்கையும் வயரால் தொடுத்து, எடுத்ததைச் சின்னக் கசெட்டில் பதிந்தார். அப்பாவின் பிடிவாதம். அன்றைக்குத்தான் எதிர்வீட்டு மாமா, அத்தனை நாள் கோபத்தையும் விட்டு, வேலிக்கு வந்து நின்று சொன்னார்:

"இஞ்ச பாரும், வெளிநாட்டுக்கு அனுப்பிறதெண்டா பெரிசில அனுப்பும். என்னட்டைப் புதுக் கசெட் ஒண்டு கிடக்கு, தாறன். பிள்ளையின்ர விசயம்."

அந்த மனிசன் சொன்னது நன்மைக்கு. அப்பாவின் காதில் அது பெரிய கசெட் வென்றுவிட்டது என்ற அறிவித்தலாகத்தான் விழுந்தது. "உங்கட சாம்பல் படத்தில என்ர மகளைக் காட்ட ஏலாது" என்றார் அப்பா. மாமா திரும்பிப் போனார். கமராக்காரரோ, வெறும் கசெட் கிடைக்காத காலமென்றபடியால், எங்களை எடுத்த பெரிய கசெட்டிலேயே அடுத்த கிழமை கந்தளாயில் ஒரு கலியாண வீட்டை எடுத்துவிட்டார். ஆக, நான் நடந்தது, சிரித்தது, கதைத்தது எல்லாம் உலகத்தில் ஒரே ஒரு சின்னக் கசெட்டில்.

அதை அஞ்சலில் போட அப்பா கொழும்புக்கே போனார். கந்தளாய்ச் சாவடியில் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் கசெட்டுகளை எல்லாம் வாங்கினார்கள். மற்றவர்களுடையதைத் தங்களுடைய டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அப்பாவுடையது உள்ளே போகவில்லை. போகாத கசெட்டில் என்னவோ இருக்கிறது என்று மரத்தடியில் பின்னேரம்வரை இருத்தி வைத்தார்கள். "இதில என்ன?" என்று கேட்டவனுக்கு "என்ர மகள்" என்று அப்பா சொன்னாராம். கடைசியில் குலுக்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஆமிக்காரனிட்டயே பெரிசெண்டா, ஜேர்மனியில என்ன இருக்கும்? இதைக்கூட யோசிக்கேல்லையே நீங்கள்?"

"ஜேர்மன்காரன் மெஷின் தெரிஞ்சவன். உமக்கு உது விளங்காது, சும்மா இரும்."

அம்மா சும்மா இருந்தாள். நானும் இருந்தேன். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போதும் என்னையே ஏசுகிறேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற வாய் எனக்கு. என் கலியாண விசயத்தில் நானே வாய் திறந்தால் வெட்கம் கெட்டவள் என்று ஆகிவிடுமாம்!

மூன்று மாதம் பதிலுக்காகப் பார்த்திருந்தோம். பிறகு கொழும்பில் இருந்து வந்த ஒருவர் கையில் ஒரு பார்சல் வந்தது. அப்பாவின் பெயருக்கு, ஜேர்மனி முத்திரையோடு. அப்பா ஒரு மூலையைக் கிழித்தார். உள்ளே எங்கள் கசெட்டின் ஓரம் தெரிந்தது, அப்பாவின் கையெழுத்தில் ஒட்டிய துண்டோடு. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொருந்தாத இடத்துக் குறிப்பை வைத்திருக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். குறிப்பு திரும்பி வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று எவரும் கேட்பதில்லை, வந்த உறையைப் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. பிரித்தால் அவமானத்தை இரண்டாம் தரம் வாங்குவதாகும். குறிப்புக்கு உள்ள வழக்கம்தானே படத்துக்கும், படத்துக்கு உள்ளதுதானே கசெட்டுக்கும்? அப்பா கிழிந்த மூலையை மடித்து, பார்சலை அலுமாரியின் மேல்தட்டில், பழைய திரைச்சேலைகளுக்குப் பின்னால் வைத்தார். "அவங்களுக்கு வேற இடம் அமைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எப்படி இருந்தது? கேவலமாக இருந்தது. போட்டோவைப் பார்த்து வேண்டாம் என்றிருந்தால்கூட ஆறியிருக்கும். நான் நடந்ததை, சிரித்ததை, கதைத்ததை எல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறான். என் நடையில் என்ன பிழை, குரலில் என்ன பிழை என்று கண்ணாடிக்கு முன்னால் எத்தனை நாள் நடந்து பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தத்துக்கும் நானே மாட்டேன் என்றேன். இன்னொருத்தனுக்கு முன்னால் நடந்து காட்ட என்னால் ஏலாமல் போய்விட்டது.

பாலையூற்றுத் தாயைப் பிறகு ஒரு நாள் கோயிலில் கண்டோம். அம்மா முகத்தைத் திருப்பினாள். அந்த மனிசியும் திருப்பினார். எங்களை வேண்டாம் என்றவர்களுக்கு இவ்வளவு கொழுப்பா என்று அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருசம் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

ஒன்பது வருசம் போனது. அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். அப்பா ஓய்வு பெற்றார். நானும் அப்பாவும் டெக்கும்.

ஒரு தரம் பிரச்சினை முற்றி, ஒழுங்கையே எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்று கிழமை கிடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு நிலையோடு பெயர்ந்து கிடந்தது. கள்ளர் புகுந்து டி.வி., தையல் மெஷின், அம்மாவின் பித்தளைக் குடம் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போயிருந்தார்கள். டெக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். தூக்கிப் பார்த்து, என்ன வகை என்று கண்டு, திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கள்ளனுக்கும் வேண்டாத மெஷின்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன்.

அறைக்குள் போனால் அலுமாரியில் இருந்ததெல்லாம் நிலத்தில். திரைச்சேலைகளுக்கு நடுவில் அந்தப் பார்சல், நெடுகக் கிழிபட்டு. எங்கள் சின்னக் கசெட் ஒரு பக்கம் கிடந்தது. மண்ணிறக் கடதாசியில் இன்னொரு கசெட் இருந்ததற்கான மடிப்பு இருந்தது, பெரிய மடிப்பு, ஆனால் கசெட் இல்லை. பக்கத்தில் ஒரு கடிதம். நான் நின்ற நிலையிலேயே வாசித்தேன்.

"மதிப்புக்குரிய ஐயாவுக்கு. நீங்கள் அனுப்பிய கசெட் கிடைத்தது. நாங்கள் ஆறு பேர் ஒரு அறையில் இருக்கிறோம். பொதுவாக ஒரு டெக் உண்டு. எல்லாரும் சுற்றி இருந்து போட்டுப் பார்க்க, கசெட் உள்ளே போகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இங்கே இந்த வகை டெக் விசாரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் கசெட்டையும், இத்துடன் ஒரு புதுப் பெரிய கசெட்டையும் அனுப்புகிறேன். தயவுசெய்து இதில் பதிந்து அனுப்புங்கள். அவசரமில்லை, நான் வழி பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையின் படம் என் மேசையில்தான் இருக்கிறது."

வழி பார்த்துக்கொண்டிருப்பாராம். எத்தனை மாதம் பார்த்திருப்பார்? பதில் இல்லை என்று தாய்க்கு எழுதியிருப்பார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரம் கேட்டுப் போவது எங்களில் வழக்கம் இல்லை. அந்தத் தாய் கோயிலில் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயோ, அந்த மனிசியை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். நான் அவரை ஏசவேண்டும் என்றுதான் நின்றேன். சொல் எல்லாம் நாக்கில் தயாராக இருந்தது. அவர் மூன்றாம் தரமும் முதல் வரியில் விரலை வைத்ததைக் கண்டதும் ஒன்றும் வரவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். ஏசுவதற்குக்கூட ஒரு முழு மனிசன் மிஞ்சவில்லை.

நான் டெக்கைத் தூக்கினேன்.

"எங்க பிள்ளை?" என்றார்.

"எதிர்வீட்டை. அவையின்ர டி.வி. இருக்குது."

மாமா தன் டி.வி.யையும் டெக்கையும் கிண்ணியாச் சினேகிதர் ஒருவரின் கடையில் வைத்துவிட்டுப் போனதால் அவை தப்பியிருந்தன. அன்று காலைதான் கொண்டுவந்து வைத்திருந்தார். டெக்கோடு நான் வாசலில் நிற்பதைக் கண்டு தன்னுடைய டெக்கைக் கழற்றிவிட்டு வயரைத் தந்தார். எனக்குப் பின்னால் அப்பா, கசெட்டைப் பிடித்துக்கொண்டு, பத்து வருசத்தில் முதல் தடவையாக அந்தப் படி ஏறினார்.

சின்னக் கசெட் உள்ளே போனது. படம் வந்தது. முதலில் டெக்தான், அப்பா சொன்னபடி பக்கத்தில் போய் எடுத்த டெக், கண்ணைப் பறிக்கிற மினுக்கத்தோடு. பிறகு குசினித் திரைச்சேலை அசைந்தது. அதற்குப் பின்னால் இருந்து அம்மா எட்டிப் பார்த்து, கமராவைக் கண்டு தலையை உள்ளே இழுத்தாள். அவளுடைய மூக்குத்திகூடத் தெரிந்தது. அடுத்தது நான். தேத்தண்ணித் தட்டோடு நடந்து வந்தேன். நடையில் ஒரு பிழையும் இல்லை. குரலிலும் இல்லை. கடவுளே, எவ்வளவு வடிவாக இருந்திருக்கிறேன்! தட்டை வைத்துவிட்டு, யாரையோ நேரே பார்த்து, பயமும் ஆசையுமாகச் சிரித்தேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அப்பா கதிரையின் நுனியில் இருந்து திரையைவிட்டுக் கண் எடுக்காமல் மெல்லச் சொன்னார்:

"நான் சொன்னனான் தானே பிள்ளை. என்ன துலக்கம்."

"ஓம் அப்பா," என்றேன். "நல்ல துலக்கம்தான். ஆர் பாக்கிறதுக்கு?"